'சூப்பர்' என்றால் போதுமா?

சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தால் சொல்கிறோம். ரவிக்கை தோளில் இழுத்தால், டெய்லரிடம் திருப்பிக் கொடுத்துப் பிரித்துத் தைக்கச் சொல்கிறோம். ஆனால், தெரிந்த பெண் ஒருத்தி ஆசையாக எடுத்த போட்டோவை செல்போனில் காட்டினால் மட்டும், 'சூப்பர்டி' என்று சொல்லிவிட்டு நகர்ந்து விடுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

கல்யாணம், காதுகுத்து என்றில்லாமல் மலை, குளம், அடுப்படிச் சாமான் என்று படம் எடுக்கும் பெண்கள் இப்போது நிறையப் பேர். எங்கள் தெருவில் நாலைந்து பேர் உண்டு. மாலையில் மாடியில் துணி எடுக்கப் போகும்போது, எடுத்ததைக் காட்டிக் கொள்வோம்.

குறை சொன்னால் விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி சொல்ல வேண்டும். 'என்னமோ மாதிரி இருக்கு' என்றால், எடுத்தவள் என்னதான் செய்வாள்? போன மாதம் ஒருத்தி, சிறுமலையில் காலைப் பனி இறங்குவதை எடுத்திருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, 'மலை அழகுதான். ஆனா, என் கண்ணுல முதல்ல பட்டது அந்த டிஷ் ஆன்டெனா. தண்ணி டேங்க் அந்தப் பக்கம் நின்னு எடுத்துப் பாரேன்' என்றார். மறுநாளே அவள் டேங்க் பக்கம் போய் நின்றாள். இதுவல்லவா விமர்சனம்!

பித்தளைச் செம்பை டியூப்லைட் அடியில் வைத்து எடுத்தால் வெள்ளைக் கோடு விழும். எடுக்கிறவர் முகமும் அதில் தெரியும். லைட்டை அணைத்து, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி செம்பை வைத்தால் போதும். வெயில் நேரே அடித்தால், ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிடலாம். நிழல் மெத்தென்று விழும். இதைச் சொல்ல பெரிய படிப்பா வேண்டும்?

குறை கேட்பவர்களும் உடனே, 'போன் சரியில்ல, அதுக்குள்ள பால்காரர் வந்துட்டார்' என்று ஆரம்பித்து விடுகிறார்கள். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்? பேசாமல் கேட்டுவிட்டு, ஒத்து வராததை விட்டுவிடலாமே! தரையும் வானமும் சேரும் கோடு நடுவில் வரவே கூடாது, மூன்றில் ஒரு பங்கில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். குளத்துத் தண்ணீரில் மலை அப்படியே தலைகீழாகத் தெரியும்போது, நடுவில் வருவதுதான் எனக்கு அழகு.

நான் எழுத வந்ததே எதிர் வீட்டுப் பெண்ணுக்காகத்தான். முறத்தில் நாலு கத்தரிக்காய் வைத்துப் படம் எடுத்தாள். வீட்டு ஆண்கள், 'இதையெல்லாமா போட்டோ எடுப்பாங்க? குழம்பு வை' என்று சிரித்தார்கள். அத்தனை படங்களையும் அழித்துவிட்டாள். அமெரிக்காவில் எட்வர்ட் வெஸ்டன் என்பவர், 1930-ல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தார். இன்றைக்கும் உலகம் கொண்டாடுகிற படம் அது! காய்கறியைப் போட்டோ எடுப்பது கேலிக்குரிய விஷயமா என்ன?

அவள் படத்தில் கத்தரிக்காயின் மினுமினுப்பு அப்படியே வந்திருந்தது. பின்னால் காலண்டர் தெரிந்தது ஒன்றுதான் குறை. அன்றைக்கே அதை அவளிடம் சொன்னேன். 'பார்க்கலாம்க்கா' என்றாள். இன்னும் எடுக்கவில்லை.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.