இயற்கைப் பொருள் என்னும் வாதம்

இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையோடு பூண்டுச் சாரம், மீனெண்ணெய், சிவப்பு ஈஸ்ட் அரிசி முதலியவற்றையும் உட்கொள்வதில் தோஷமில்லை, அவை இயற்கை வஸ்துக்களே என்று வாதிடும் இராயபுரத்து நண்பருக்கு, அவ்வரிசியிலுள்ள மோனகோலின்-கே, 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்டாட்டின் மருந்தேயன்றி வேறன்று என்பதை முதற்கண் உணர்த்த விரும்புகிறேன். குப்பிக்குக் குப்பி அளவு மாறுபடும் அதனைச் சேர்ப்பவர், இரண்டாம் ஸ்டாட்டினை அறியாமலே விழுங்கித் தசைக்கும் கல்லீரலுக்கும் அபாயத்தை வலிய அழைக்கிறார். பயனேனும் உண்டோ? 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் 28 நாட்களில் கெட்ட கொழுப்பை ஏறத்தாழ 38 சதவீதம் குறைத்திருக்க, மஞ்சள், பூண்டு, மீனெண்ணெய் உள்ளிட்ட ஆறு பொருள்களுள் ஒன்றேனும் மருந்தில்லாப் போலி மாத்திரையைக் குறிப்பிடத்தக்க அளவில் விஞ்சவில்லை. காசிமேட்டில் கவலை மீன் கூடை கூடையாய் வந்திறங்க, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மாத்திரை விலையின்றிக் கிடைக்க, துறைமுகத் தொழிலாளி தன் கூலியை இக்குப்பிகளில் கரைக்க வேண்டுமென்று உபதேசிப்பது அநியாயம்.