நாலு பேர் உள்ள நாய்

எங்க ஹாஸ்டல் பின்னாடி ஒரு நாய் இருந்துச்சு. பாய்ஸ் ஹாஸ்டல்ல அதுக்குப் பேர் 'அரியர்'. காரணம் சொல்லணுமா? ஒரு தடவை பின்னாடி வந்துட்டா அப்புறம் விடவே விடாது. கேர்ள்ஸ் ஹாஸ்டல்ல அது 'லட்டு'. கேட்ல இருக்கிற செக்யூரிட்டி அண்ணனுக்கு 'டைகர்'. மெஸ்ல பாத்திரம் கழுவுற அக்காவுக்கு 'செவலை'. ஒரே நாய், நாலு பேர். யார் எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாலாட்டும். நாங்களும் "நம்ம காலேஜ் நாய்"னு பெருமையா ஸ்டோரி போடுவோம்.

நான் செகண்ட் இயர் படிக்கிறப்போ ஒரு நாள் ராத்திரி, அது ஒரு ஜூனியர் பையனைக் கடிச்சிருச்சு. அவன் மேலயும் தப்பு இல்ல, நாய் மேலயும் தப்பு இல்ல. இருட்டுல படுத்திருந்த நாயோட வாலை அவன் தெரியாம மிதிச்சுட்டான். காயத்தைச் சோப்பு போட்டு, குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிஷம் கழுவினோம். அப்புறம் நாலஞ்சு பேர் சேர்ந்து அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் கேட்டார்: "நாய்க்கு ஊசி போட்டிருக்கா?"

நாங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். கேர்ள்ஸ் ஹாஸ்டலுக்கு போன் போட்டா, "செக்யூரிட்டி அண்ணன் பாத்துப்பார்னு நெனச்சோம்"னாங்க. செக்யூரிட்டி அண்ணன், "அது மெஸ் நாய் தம்பி"ன்னார். மெஸ் அக்கா சொன்னதுதான் இன்னும் மனசுல நிக்குது. "படிச்ச புள்ளைங்க நீங்க இருக்கீங்க, போட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!"

நாலு பேர் வெச்சிருந்தோம். ஒரு ஊசி போடல.

டாக்டர் எதுக்கும் காத்திருக்கல, அன்னிக்கே முதல் ஊசி போட்டுட்டார். அப்புறம் 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ரேபிஸ் அறிகுறி வெளிய தெரிஞ்சிட்டா ஆளைக் காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம், அதனால ஒரு ஊசி கூட விடக் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னார். கூடவே இன்னொன்னும் சொன்னார்: "அந்த நாயை 10 நாள் கண்காணிச்சுட்டே இருங்க. உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா, இல்ல ஆளைக் காணோம்னா, உடனே வந்து சொல்லுங்க."

அந்த 10 நாள் இருக்கே... சாயங்காலம் ஆனா நாங்க கிரவுண்ட் முழுக்க "அரியர்! அரியர்!"னு கத்திட்டே தேடுவோம். அது அங்க லட்டுவா பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருக்கும். கேட்டுக்குப் போனா, "டைகர் இப்பதான் மெஸ் பக்கம் போச்சு"ம்பார் அண்ணன். ஆறாம் நாள் ராத்திரி வரைக்கும் ஆளையே காணோம். அந்த ஜூனியர் சாப்பிடவே இல்ல. பத்தரை மணிக்கு ஒர்க்‌ஷாப் ஷெட்டுக்குள்ள தூங்கிட்டு இருந்ததைக் கண்டுபிடிச்சோம். நல்லாத்தான் இருந்துச்சு. நாங்கதான் நல்லா இல்ல.

இதுல எனக்குப் புரிஞ்சது இதுதான்: பேர் வைக்கிறது, "இது என் பொறுப்பு"ன்னு சொல்ற வேலை. நாங்க அதை ஜோக் அடிக்கிற வேலையா மட்டும் பாத்துட்டோம். ஆளாளுக்கு ஒரு பேர் வெச்சதால, எல்லாருக்கும் அந்த நாய் சொந்தமா தெரிஞ்சுது. யாருக்கும் அது கடமையா தெரியல. குரூப் பிராஜெக்ட்ல ரிப்போர்ட்டை யாரோ எழுதுவாங்கன்னு அத்தனை பேரும் சும்மா இருப்போமே, அதே கதைதான்.

பூனைகளை வெச்சு ஜப்பான்ல ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க, 2019-ல வெளியாச்சு. பூனைக்குத் தன்னோட பேரும், அதே நீளத்துல இருக்கிற வேற வார்த்தையும் வித்தியாசம் தெரியுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதுல எனக்குப் பிடிச்சது இன்னொரு விஷயம். வீட்டுப் பூனைங்களுக்குத் தன் பேருக்கும் கூட இருக்கிற பூனையோட பேருக்கும் வித்தியாசம் தெரிஞ்சுது. நிறைய பேர் வந்து போற பூனை கஃபேயில இருந்த பூனைங்க கிட்ட அந்த வித்தியாசம் தெரியல. படிச்சதும் எனக்கு எங்க ஹாஸ்டல்தான் ஞாபகம் வந்துச்சு.

"நாய்க்கு ஏன்டா ஜிம்மி, டாமின்னு இங்கிலீஷ் பேர் வைக்கிறீங்க, தமிழ்ப் பேர் வைக்கக் கூடாதா?"ன்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும். நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். எங்க வீட்டு ஜிம்மியும் இங்கிலீஷ் மீடியம்தான். "சிட்"னா உக்காரும், "உக்காரு"ன்னா முழிக்கும். அதனால இந்தச் சண்டையில தீர்ப்பு சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா ஒரு விஷயம் சொல்றேன்.

திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க ஒரு நடுகல் இருக்கு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி செத்த கருந்தேவக்கத்திங்கிற வீரனுக்காக வெச்ச கல் அது. அவன் பக்கத்துல ஒரு நாயையும் செதுக்கியிருக்காங்க. அது கள்ளனைக் கடிச்சுக் காவல் காத்ததைச் சொல்லி, அதோட பேரையும் வெட்டியிருக்காங்க: கோவிவன். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு நான் ஆராயப் போகல. 1300 வருஷத்துக்கு மேல ஆகியும், அது 'ஏதோ ஒரு நாய்' ஆகல. ஊர் மொத்தத்துக்கும் அதுக்கு ஒரே பேர் இருந்துச்சு, அது செஞ்ச வேலை அந்தப் பேர்ல பதிவாச்சு. தமிழா இங்கிலீஷாங்கிறதை விட எனக்கு அதுதான் பெருசா படுது.

சரி, பேர் எப்படி வைக்கிறது? எனக்குத் தெரிஞ்ச நாலு விஷயம்.

ஒண்ணு, சின்னதா வைங்க. கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் நின்னு ஒரே மூச்சுல கத்துற மாதிரி இருக்கணும். 'பிரின்ஸ் அலெக்சாண்டர்'னு வெச்சீங்கன்னா மூணாவது நாள் அது 'டேய்' ஆயிடும்.

ரெண்டு, நீங்க போடுற கட்டளை மாதிரி ஒலிக்கக் கூடாது. 'நோவா'ன்னு வெச்சுட்டு 'நோ'ன்னு அதட்டினா, பாவம், அது என்னத்தைப் புரிஞ்சுக்கும்? அதே மாதிரி பேர் சொல்லித் திட்டாதீங்க. பேரைக் கேட்டா ஓடி வரணும், பதுங்கக் கூடாது.

மூணு, பிடிக்காத ஆளோட பேரை வைக்காதீங்க. எங்க பேட்ச்ல ஒரு குட்டிக்கு ஒரு சாரோட பேரை வெச்சாங்க. சிரிப்பா இருந்துச்சு. கொஞ்ச நாள்ல அந்தச் சார் மேல இருக்கிற கோபமெல்லாம் குட்டி மேல இறங்க ஆரம்பிச்சுது. அதட்டுறது, உதைக்கிற மாதிரி காலைத் தூக்குறது. அந்தக் குட்டி என்ன இன்டர்னல் மார்க்கா குறைச்சுது?

நாலு, இதுதான் முக்கியம். பேர் வெச்ச அன்னிக்கே அதை ஒரு இடத்துல எழுதுங்க. பேர், ஊசி போட்ட தேதி, அடுத்த ஊசி தேதி, யாருக்கு போன் பண்ணணும். எழுத மனசு வரலையா, பேரும் வைக்காதீங்க.

பத்து நாள் முடிஞ்சுது. நாய்க்கு ஒண்ணும் ஆகல. ஜூனியரும் நாலு ஊசியையும் முடிச்சான். இடையில ஒரு ஞாயித்துக்கிழமை, நாலு கட்சியும் கிரவுண்ட்ல கூடினோம். கையில பிஸ்கட் கூடாது, சோறு கூடாது, இதுதான் ரூல். நாய் நடுவுல. ஆளாளுக்கு ஒரு மூலையில நின்னு வரிசையா கூப்பிட்டோம். அரியருக்குக் காதை ஆட்டுச்சு. லட்டுவுக்கு வாலை ஆட்டுச்சு. டைகருக்குக் கொட்டாவி விட்டுச்சு. அக்கா சத்தமே போடாம, "செவல, வாடா"ன்னாங்க. எழுந்து நேரா போச்சு. வருஷக்கணக்கா தினமும் ரெண்டு வேளை, ஒரே நேரத்துக்கு, ஒரே குரல்ல கேட்ட பேர் அது.

மறுநாளே காசு பிரிச்சு, ஆட்டோ பிடிச்சு, கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். அட்டையில 'செவலை'ன்னு எழுதச் சொன்னோம். ஊசி போட்டாச்சு. அந்த அட்டையோட ஜெராக்ஸ் மெஸ் நோட்டீஸ் போர்டுல மெனுவுக்குப் பக்கத்துல ஒட்டியிருந்துச்சு. மெனுவை விட அதைத்தான் நிறைய பேர் படிச்சாங்க.

போன வருஷம் அக்கா வேலைய விட்டு ஊருக்குப் போனாங்க. செவலையையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க, அட்டையோட. அந்த ஜூனியர் இப்போ தேர்ட் இயர். அடுத்த ஊசி தேதி வந்தா அக்காவுக்கு போன் பண்ணி ஞாபகப்படுத்துறது அவன்தான்.

இப்போ ஹாஸ்டல் பின்னாடி ஒரு புது வெள்ளைக்குட்டி வந்திருக்கு. குரூப்ல பேருக்கு போல் போட்டிருக்காங்க, 'பேக்லாக்' முன்னணியில இருக்கு. வைங்க மக்களே, எந்தப் பேரா இருந்தாலும் வைங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு வைங்க. ஊசிக்கு யார் கூட்டிட்டுப் போறதுன்னும் அதே போல்ல முடிவு பண்ணிடுங்க.