உங்கள் வேன் எந்த வருடத்து வேன்?

வியாபாரத்துக்கு வாகனம் வாங்கப் போகும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனையாம் ஆண்டு மொடல்?" என்பதுதான். விற்பவர் ஒரு வருடத்தைச் சொல்வார். அதை வைத்தே விலையும் பேசி முடிந்துவிடும். அவர் சொன்னது எதனுடைய வருடம் என்று கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்கவில்லை. அதனால் பட்ட நட்டத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு, கடைக்குச் சாமான் ஏற்றி இறக்குவதற்காக ஜப்பானில் ஓடிய வேன் ஒன்றை லீசிங்கில் வாங்கினேன். பில்லில் "2015 மொடல்" என்று எழுதியிருந்தார்கள். பதிவுப் புத்தகம் லீசிங் கம்பனியிடம் போய்விட்டது. எனக்குக் கிடைத்த பிரதியை வாசிக்காமலே பைலில் போட்டு வைத்தேன். 2023இல் வேனை விற்க முனைந்தபோது, வாங்க வந்த தம்பி முதல் வேலையாகப் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். "நானா, இதில் உற்பத்தி ஆண்டு 2014 என்றல்லவா இருக்கிறது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு விற்றவரைத் தேடிப் போய்க் கேட்டேன். அவர் பதறவில்லை. வேன் தொழிற்சாலையில் செய்யப்பட்டது 2014இன் கடைசியில், ஜப்பானில் முதன்முதலாகப் பதிவானது 2015 பெப்ரவரியில் என்று விளக்கினார். "நான் சொன்ன 2015 பதிவு வருடம்தானே!" என்றார். அது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

ஒரு வாகனத்துக்கு மூன்று வருடங்கள் இருக்க முடியும். தொழிற்சாலையில் செய்து முடிக்கப்பட்ட வருடம் ஒன்று. கம்பனி எந்த ஆண்டுக்குரிய மொடல் என்று பெயரிட்டு விற்கிறதோ அந்த வருடம் இன்னொன்று. முதன்முதலாகப் பதிவான வருடம் மூன்றாவது. நம் நாட்டுக்கு வரும் பாவித்த வாகனத்துக்கு இங்கே பதிவாகும் வருடமும் சேர்ந்து நான்காகிவிடும். இலக்கத் தகட்டின் எழுத்துகளைப் பார்த்து வயதைக் கணிப்பவர்கள் இந்த நான்காவதைத்தான் பார்க்கிறார்கள்.

மொடல் ஆண்டு என்ற கணக்கு அமெரிக்காவில் சட்டத்தோடு கலந்தது. 2023 மொடல் என்று விற்கப்படும் காரை அங்கே 2022 ஜனவரி 2ஆம் திகதி முதலே செய்யத் தொடங்கலாம். அந்த நாட்டுக் கார்களின் 17 எழுத்து அடையாள இலக்கத்தில் பத்தாவது எழுத்து மொடல் ஆண்டைத்தான் குறிக்கிறது. செய்த மாதமும் வருடமும் சாரதியின் கதவோரம் ஒட்டிய லேபலில் தனியாக இருக்கும். 1964 ஏப்ரலில் வெளிவந்த முதல் போர்ட் மஸ்டாங் கார்கள்கூட 1965 மொடல் என்றே இலக்கமிடப்பட்டன.

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்படும் வாகனங்களில் இந்த வசதி இல்லை. அவற்றின் செஸி இலக்கத்தில் மொடல் குறியீடும் தொடர் இலக்கமும் மட்டுமே உண்டு. வருடத்தைக் காட்டும் எழுத்துக் கிடையாது. தொடர் இலக்கத்தைக் கம்பனியின் பதிவோடு ஒப்பிட்டுத்தான் உற்பத்தித் திகதியை அறியலாம். ஏற்றுமதிச் சான்றிதழில் இருப்பதோ முதற்பதிவு மாதம். அதுவும் பெரும்பாலும் ஜப்பானியச் சக்கரவர்த்தி ஆண்டில் இருக்கும். ஹெய்செய் ஆண்டானால் 1988ஐயும், ரெய்வா ஆண்டானால் 2018ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். ஹெய்செய் 27 என்றால் 2015. ரெய்வா 3 என்றால் 2021.

சீட் பெல்ட்டின் அடியில் உள்ள லேபலையும் பாருங்கள். பெல்ட் செய்த திகதி அதில் இருக்கும். வாகனம் செய்யப்பட்டது அதற்குச் சற்றுப் பின்னர் என்று கொள்ளலாம். பெல்ட்டின் திகதி வாகனத்தின் திகதிக்குப் பிந்தியதாக இருந்தால், அதை ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். டயரில் உள்ள நான்கு இலக்கங்கள் வாரத்தையும் வருடத்தையும் காட்டும். ஆனால் டயர் மாற்றப்படும் பொருள். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இறக்குமதி செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் திறக்கப்பட்டபோது வயதெல்லையோடுதான் திறக்கப்பட்டது. எல்லைக்கு அருகில் உள்ள வாகனத்துக்குச் சில மாத வித்தியாசமே பெரும் சிக்கலாகிவிடும். வயது எந்தத் திகதியிலிருந்து எண்ணப்படுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் முற்பணம் அனுப்பாதீர்கள்.

என் வேனின் கதையை முடிக்கிறேன். தரகர் ஒரு வழி சொன்னார். "உங்களுக்குச் சொன்ன மாதிரியே நீங்களும் 2015 என்று சொல்லுங்கள். புத்தகம் பார்க்காத ஆளாகக் கொண்டுவருகிறேன்" என்றார். ஓர் இரவு முழுக்க யோசித்தேன். அப்படிச் செய்தால் எனக்கு விற்றவர் மீது நான் சொன்ன குறையெல்லாம் என்மீதே வந்து சேரும். புத்தகத்தைப் பார்த்த அதே தம்பிக்கு, பேசியதிலும் இரண்டு இலட்சம் ரூபா குறைத்துக் கொடுத்தேன். அந்த வேன் இன்றும் எங்கள் தெருவால்தான் ஓடுகிறது. அவரைக் கண்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தேவையில்லை.

வாகனம் விற்கும் நம் சகோதரர்களிடம் ஒன்று கேட்கிறேன். பில்லில் "மொடல்" என்று மட்டும் எழுதாதீர்கள். உற்பத்தி ஆண்டு, வெளிநாட்டு முதற்பதிவு, இலங்கைப் பதிவு என்று மூன்று வரிகளாக எழுதிக் கையொப்பமிடுங்கள். வாங்குபவர்களும் அந்த மூன்று வரிகளைக் காணாமல் காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். வாக்குவாதம் வந்தால் பேசியது நிற்காது, எழுதியதுதான் நிற்கும்.