மோட்டார் நம்முடையது, சாவி யாருடையது?

 

மண்ணே இல்லாமல் விவசாயம் என்று சொன்னபோது நாம் சிரித்தோம். இன்று நம் பகுதியிலேயே பாலிஹவுஸ் போட்டு, குழாயில் கீரையும் தென்னை நார்க்கழிவுப் பையில் குடைமிளகாயும் எடுக்கிறார்கள். ஹைட்ரோபோனிக்ஸ் என்று பேர். ஓடுகிற தண்ணீரில்தான் உரம். அந்தத் தண்ணீரின் பி.எச். பொதுவாக 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். மேலே ஏறினால், தொட்டியில் இரும்புச் சத்து கிடந்தாலும் செடி எடுக்காது, தளிர் வெளுத்துவிடும். ராப்பகலாய் இதை யார் பார்ப்பது? சென்சார் பார்க்கிறது. கண்ட்ரோலர் அளவாக அமிலமும் உரக்கரைசலும் விடுகிறது. செல்போனுக்குச் சேதி வருகிறது.

நல்ல வசதிதான், மறுக்கவில்லை. மொபைல் ஸ்டார்ட்டர் வருவதற்கு முன்னால், நடுராத்திரி கரண்டு வந்ததும் பாம்புக்குப் பயந்துகொண்டே டார்ச் அடித்துக் கிணத்துமேட்டுக்கு நடந்தவர்கள் நாம். மெஷினுக்கு நாம் எதிரியல்ல.

ஆனால் நடந்தது என்ன? நம் உறுப்பினர் ஒருவர் கடன் வாங்கிப் பாலிஹவுஸ் போட்டார். கம்பெனிக்கு வருஷச் சந்தா கட்டக் கொஞ்சம் தாமதம். ஆப் பூட்டிக்கொண்டது. கம்பெனி சர்வர் உத்தரவு கொடுத்தால்தான் பம்பு ஓடும். கையால் போட ஒரு சுவிட்ச்கூட வைக்கவில்லை. சித்திரை வெயில். குழாயில் வேரை நனைப்பது மெல்லிய நீரோட்டம் மட்டும்தான்; மண்ணைப்போல் ஈரத்தைப் பிடித்துவைக்க அங்கே ஒன்றுமில்லை. நாங்கள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போய் நேராக ஒயர் கொடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. முக்கால்வாசிக் கீரை தலை தொங்கிப் போச்சு. கம்பெனிக்குப் போன் போட்டால் இங்கிலீஷில் டேப் பேசுகிறது. வாரண்டி போய்விட்டதாம், நாம் பெட்டியைத் திறந்துவிட்டோமாம்!

மோட்டார் காயில் எரிந்தால் பக்கத்து ஊர்க் கடையில் கட்டிக்கொள்கிறோம். இந்தப் பெட்டியை மட்டும் தொடக்கூடாதா? அமெரிக்காவில் கொலராடோ மாநில விவசாயிகள் தங்கள் டிராக்டரைத் தாங்களே பழுதுபார்க்கும் உரிமைக்காக 2023-ல் சட்டமே கொண்டுவர வைத்தார்கள். நமக்கு ஏன் முடியாது?

இன்னொன்றும் யோசியுங்கள். எந்தத் தேதியில் அறுவடை, எத்தனை கிலோ வரும் என்பது நமக்கு முன்னால் கம்பெனிக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கு வியாபாரி கைக்குப் போனால், விலை பேச நமக்கு என்ன மிச்சம்?

1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், பெருமாநல்லூரில் நம் விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். அப்படிப் போராடிப் பெற்ற மின்சாரத்தில் ஓடும் மோட்டாரின் சாவியை எங்கோ இருக்கும் சர்வரிடம் விட்டுக்கொடுப்பதா?

நமது கோரிக்கைகள்:

1. அரசு மானியம் தரும் எந்தக் கருவியும் நெட் இல்லாமலும் ஓட வேண்டும். கையால் போடும் சுவிட்ச் கட்டாயம்.
2. சந்தா பாக்கி என்று ஓடுகிற பம்பை நிறுத்தக் கூடாது.
3. உதிரிபாகம், ஒயரிங் படம், பாஸ்வேர்டு எல்லாம் விவசாயிக்கும் உள்ளூர் மெக்கானிக்குக்கும் கிடைக்க வேண்டும்.
4. பயிர்க் கணக்கு விவசாயியின் சொத்து. எழுத்துமூலம் சம்மதம் இல்லாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.
5. ஒப்பந்தமும் ஆப்பும் தமிழில் இருக்க வேண்டும்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கையெழுத்துப் போடும் முன், "நெட்டை எடுத்துவிட்டு ஓட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஓடாவிட்டால் வாங்காதீர்கள்.

வரும் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் பச்சைத் துண்டோடு வாருங்கள். மண்ணில் செய்தாலும் தண்ணீரில் செய்தாலும் விவசாயி விவசாயிதான். சொட்டுநீர் போட்டவர்களும் வாருங்கள். இன்று அவர் தோட்டம், நாளை நம் தோட்டம்!

ஒன்றுபடுவோம்! நம் சாவியை நாமே வைத்திருப்போம்!