உரைகல்லில் ஊர் தெரியாது

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் பழைய நகை வாங்கும் பத்தர் ஒருவர், தேய்ந்துபோன 'சிங்கப்பூர் செயின்' ஒன்றை உரைகல்லில் இழுத்தார். பக்கத்திலேயே தரம் தெரிந்த பொன்னையும் இழுத்தார். இரண்டு கோடும் ஒரே மஞ்சள். "மாற்று சொல்லும் சார், எந்த ஊர்ப் பொன்னுன்னு சொல்லாது" என்றார். சிங்கப்பூர் என்பது அந்தப் பின்னலின் பெயர்தான். செயின் பிறந்தது கோவையாகவும் இருக்கலாம்.

இந்தியாவுக்கும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுக்கும் இடையே பல ஆண்டுகளாக நீடிக்கும் சிக்கல் பத்தரின் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

2023 ஜூலையில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், கல் பதிக்காத தங்க நகைகளின் இறக்குமதியைத் திடீரெனக் கட்டுப்படுத்தியது. காரணம் இந்தோனேசியா. அப்போது தங்கக் கட்டிக்கு 15 சதவீத இறக்குமதி வரி. அதே தங்கம் ஆசியான் நாடொன்றிலிருந்து நகையாக வந்தால், 2009இல் கையெழுத்தாகி 2010 முதல் நடப்பில் உள்ள தடையற்ற வணிக ஒப்பந்தத்தின்படி வரியே இல்லை. இறக்கியதும் உருக்கினால் மறுபடி கட்டி. இடையில் 15 சதவீதம் மிச்சமாகும்போது வளையலை யார் அணிந்து பார்க்கப் போகிறார்கள்?

ஒப்பந்தத்தில் நிபந்தனை இல்லாமல் இல்லை. பொருளின் மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் அந்த வட்டாரத்திலேயே உருவாகியிருக்க வேண்டும். இந்தோனேசியாவில் கிராஸ்பெர்க் போன்ற மாபெரும் சுரங்கம் இருக்கிறது. அங்கே தோண்டிய பொன் என்றால் நிபந்தனை முறைப்படியே நிறைவேறும். வேறெங்கிருந்தோ வந்த கட்டியை வளைத்து வளையலாக்கினால், அந்தச் செய்கூலியில் 35 சதவீதம் தேறாது. இந்த இரண்டு வளையலையும் சுங்கச் சோதனையில் பிரித்துக் காட்டுவது காகிதம் மட்டுமே. இறக்குமதியாளரே ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்று 2020இல் சுங்க விதி வந்தது. அதற்குப் பிறகுதான் இந்த இந்தோனேசிய வரவு.

இந்தியா ஒவ்வொரு முறையும் ஓட்டையை அறிவிக்கை ஒட்டி அடைக்கிறது. 2017இல் தென்கொரியத் தங்கம், 2023இல் இந்தோனேசிய நகை, 2025இல் தாய்லாந்தை மனதில் வைத்து வெள்ளி நகை. தலைவலிக்குத் தைலம் தடவுவதுபோல. மறுபக்கம், உறவின் பட்டமோ ஏறிக்கொண்டே போகிறது: 1992இல் துறைசார் உரையாடல் பங்காளி, 1995இல் முழுப் பங்காளி, 2012இல் மூலோபாயப் பங்காளி, 2022இல் 'விரிவான' மூலோபாயப் பங்காளி. அடுத்த பட்டத்துக்கு என்ன அடைமொழி வைப்பார்களோ தெரியவில்லை.

2023-24இல் ஆசியானுக்கு நாம் விற்றது சுமார் 41 பில்லியன் டாலர், வாங்கியது சுமார் 80 பில்லியன். பற்றாக்குறையே குற்றம் என்று சொல்லமாட்டேன். பாமாயிலும் நிலக்கரியும் நமக்கு வேண்டித்தான் வாங்குகிறோம். பிழை வரிசையில் நடந்தது. சரக்குக்கான கதவை 2010இலேயே திறந்துகொடுத்தோம். நம் பலமான சேவைத் துறைக்கான உடன்பாடு 2015இல்தான் நடப்புக்கு வந்தது. கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டுப் பேரத்துக்கு உட்கார்ந்தோம். 2019 நவம்பரில் பாங்காக்கில் 'ஆர்செப்' எனும் ஆசிய-பசிபிக் வணிக ஒப்பந்தப் பேச்சிலிருந்து விலகியபோது தெரிந்த அச்சத்தில், அந்தச் சூடுபட்ட நினைவுக்கும் பங்குண்டு.

வெளியே எங்கோ எழுதிய ஒப்பந்தம் தங்கத்தின் விலையைத் தீர்மானிப்பது கோலார் தங்கவயலுக்குப் புதிதில்லை. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்ட பிறகு, இங்கே வெட்டிய பொன் மத்திய அரசுக்குப் போனது பன்னாட்டு நிதியத்தின் கணக்கில்: அவுன்சுக்கு 35 டாலர், அதாவது தோலா 62 ரூபாய் 50 காசு. வெளிச்சந்தை விலை அதைவிட வெகு அதிகம். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், பாறை வெடிக்குப் பயந்து வேலைசெய்தவர்களின் உழைப்பு, வாஷிங்டன் விலையில் நட்டமாக எழுதப்பட்டது. 'நட்டம்' என்ற அந்தச் சொல் 2001 பிப்ரவரி 28 வரை சுரங்கத்தை விடவில்லை. பூட்டிய பிறகு சுரங்கத் தொழிலாளரின் லைன் வீடுகளின் பிள்ளைகளுக்கு மாரிக்குப்பம் ரயில்தான் பிழைப்பு. விடியுமுன் ஏறி பெங்களூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். 120 ஆண்டுகளில் இந்த மண் கொடுத்தது ஏறத்தாழ 800 டன். இன்று நாடு ஓராண்டில் இறக்குமதி செய்வது கிட்டத்தட்ட அவ்வளவு.

சரக்கு ஒப்பந்தத்தின் மறுஆய்வை 2025க்குள் முடிப்பதாக 2023இல் சொன்னார்கள். 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் கூடியபோதும் 'விரைவில்' என்ற சொல்லே மிஞ்சியது. அன்றுதான் கிழக்குத் திமோர் பதினோராவது உறுப்பினரானது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் நகரும் கூட்டமைப்பில் இன்னொரு நாற்காலி. அந்த மேசையில் இந்தியா வரி விகிதத்தைப் பற்றி மல்லுக்கட்டுவதைவிட, பொன்னுக்கும் வெள்ளிக்கும் தனியாக ஒரு பிறப்பிட விதி கேட்பது பயன் தரும்: எந்தச் சுரங்கம், எந்த உருக்காலை என்ற பதிவு நகையோடு பயணிக்க வேண்டும். இதில் ஜகார்த்தாவுக்கும் லாபம் உண்டு. உண்மையாக அங்கே தோண்டிய பொன், நள்ளிரவு அறிவிக்கைக்குப் பயப்படாமல் வரலாம். கூட்டாளி எப்போது கதவைச் சாத்துவார் என்று தெரியாமல் யாரும் பட்டறையில் முதல் போடமாட்டார்கள்.

பத்தரிடம் அந்தச் செயினை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். கொக்கி அறுந்திருந்தது. "உருக்கிடுவேன்" என்றார்.