தொடாதவரை தெரியாத காசு

பரீட்சை முடிந்து இரண்டு கிழமையாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் கிரிக்கெட் பற்றித்தான் எழுத இருந்தேன். பக்கத்து வீட்டு மாமா ஒரு கடிதத்தோடு வந்து என் மண்டையைக் குழப்பிவிட்டுப் போனார். அதை இங்கே இறக்கி வைக்கிறேன்.

மாமாவுக்கு 58 வயது. லண்டனில் ஒரு சேமிப்புக் கிடங்கில் பெட்டி தூக்கிய வேலை. முதுகு போய் இப்போது வேலை இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் யுனிவர்சல் கிரெடிட்தான். வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் பிடித்த பென்ஷன் காசு 20,000 பவுண்ட் சேர்ந்திருக்கிறது. வேறு சேமிப்பு இல்லை. கிரெடிட் கார்டில் 4,000 பவுண்ட் கடன். ஊரில் தங்கச்சி வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டும்.

"தம்பி, இது என்ட காசுதானே? எடுத்தா ஏன் சோசல் காசைக் குறைப்பாங்கள்?"

நல்ல கேள்வி. நான் படிப்பது பொருளியல், சட்டம் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் மாமா கேட்பதில்லை :-) ஆகவே உட்கார்ந்து வாசித்தேன்.

பிரிட்டனில் 2015 ஏப்ரலில் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 55 வயதானால் தனியார் பென்ஷன் காசை விரும்பியபடி எடுக்கலாம், முழுவதையும் ஒரேயடியாகக்கூட. (2028 ஏப்ரல் 6 முதல் அந்த வயது 57.) கால்பங்குக்கு வரி இல்லை. மிச்சத்துக்கு வருமான வரி. இதற்குச் சுதந்திரம் என்றுதான் பெயர் வைத்தார்கள்.

யுனிவர்சல் கிரெடிட்டின் விதிகளோ 2013இல் வந்தவை. அரச பென்ஷன் வயது வராதவர் தன் பென்ஷன் காசைத் தொடாமல் வைத்திருந்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். 20,000 இருந்தாலும் சரி, 2 லட்சம் இருந்தாலும் சரி. எடுத்து வங்கியில் போட்ட அடுத்த நிமிடம் அது சேமிப்பு. சேமிப்பு 6,000 பவுண்டுக்கு மேல் போனால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்ட் வெட்டு. 16,000 தாண்டினால் உதவியே கிடையாது, வாடகைக்கான பங்கும் சேர்த்து.

அந்த 4.35ஐக் கொஞ்சம் கணக்குப் பண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு 52.20. அதாவது உங்கள் 250 பவுண்ட் ஏறக்குறைய 21 சதவீத வட்டி தருகிறது என்று சட்டம் நினைக்கிறது. அப்படி ஒரு வங்கி இருந்தால் முகவரியைப் பின்னூட்டத்தில் போடுங்கள், நானும் கணக்குத் திறக்கிறேன்.

காசை மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்? அது இன்னும் மோசம். அது வருமானம். 200 பவுண்ட் எடுத்தால் உதவியில் 200 பவுண்ட் குறையும். வேலை செய்து உழைத்தால்கூட ஒரு பவுண்டுக்கு 55 பென்ஸ்தான் வெட்டுகிறார்கள்.

மாமா முழுவதையும் எடுத்தால் என்ன நடக்கும் என்று ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். 5,000க்கு வரி இல்லை. மிச்சம் 15,000க்கு முதல் தடவை அவசர வரி என்று ஒன்றைப் பிடிப்பார்கள். மாதா மாதம் 15,000 சம்பாதிக்கும் கோடீஸ்வரர் என்று நினைத்துப் பிடிப்பது அது. 5,000 பவுண்டுக்கு மேல் போய்விடும். கைக்கு வருவது 15,000க்குக் கொஞ்சம் குறைவு. உண்மையில் அவர் கட்ட வேண்டிய வரி 500 பவுண்ட்கூட இல்லை, ஆகவே படிவம் நிரப்பி மிச்சத்தைத் திருப்பி வாங்கலாம். ஆனால் அந்தக் காசு திரும்பி வரும் நாளில், இடையில் செலவழிக்காமல் வைத்திருந்தால், அவர் 16,000ஐத் தாண்டிவிடுவார்! தன் வரியைத் திருப்பி வாங்கியதற்காக வாடகை உதவி போகும். மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிரெடிட் கார்டுக் கடனைக் கட்டலாம், அது குற்றமில்லை. வீட்டுக்குத் தேவையான பொருளை நியாயமான விலைக்கு வாங்கலாம், அதுவும் சரி. தங்கச்சிக்கு அனுப்பினால்? உதவி வாங்குவதற்காகவே காசைக் கைமாற்றினார் என்று அதிகாரி முடிவெடுத்தால், அனுப்பிய காசு இன்னும் அவரிடமே இருப்பதாகக் கணக்குப் போடுவார்கள். நம் ஆட்களுக்கு இது சுடும். இருபது வருடத்துக்கு முன் தங்கச்சி தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் மாமா விமானம் ஏறினார். அதற்கு ரசீது இல்லை.

'20,000 வைத்திருப்பவனுக்கு வரி கட்டுகிற மக்கள் ஏன் சோறு போட வேண்டும்?' என்று வகுப்பு நண்பன் கேட்டான். கேள்வியில் நியாயம் உண்டு. வசதியுள்ளவன் தன் காசை முதலில் செலவழிக்கட்டும். ஆனால் இந்த விதி வசதியைப் பார்க்கவில்லையே. 2 லட்சத்தைத் தொடாமல் வைத்திருப்பவருக்கு முழு உதவி, 20,000ஐ எடுத்தவருக்கு ஒன்றுமில்லை. கடன்காரன் கதவைத் தட்டாதவனால்தான் தொடாமல் இருக்க முடியும்.

வயதானவர்களுக்கு உள்ள பென்ஷன் கிரெடிட் என்ற உதவியைப் பாருங்கள். அங்கே முதல் 10,000 பவுண்டைக் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும் வாரம் ஒரு பவுண்ட்தான் வெட்டு, மேலெல்லையும் இல்லை. மாமாவின் முதுகு அரச பென்ஷன் வயதான 67 வரை காத்திருக்கவில்லை. 55 வயதில் பென்ஷனை எடுக்கச் சொன்ன அரசு, அந்தக் காசுக்கு மட்டுமாவது இந்தக் கணக்கைப் பாவித்தால் என்ன? 6,000, 16,000 என்ற எண்களே 2006இல் பழைய இன்கம் சப்போர்ட் உதவிக்கு வைத்தவை. அவற்றையே யுனிவர்சல் கிரெடிட்டுக்கும் எடுத்தார்கள். பாண் விலை எத்தனை தரம் ஏறிவிட்டது, இவை அசையவில்லை.

இப்போதைக்கு மாமாவிடம் சொன்னது இதுதான்: முழுவதையும் தொட வேண்டாம். வரியில்லாத கால்பங்கை மட்டும் எடுத்தால் 5,000. அது 6,000க்குக் கீழே. கடன் தீரும், உதவியும் வெட்டுப்படாது. எடுத்ததை மட்டும் மறைக்காமல் அறிவிக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் 'பென்ஷன் வைஸ்' என்ற அரசின் இலவச ஆலோசனைச் சேவையில் கேட்கச் சொன்னேன். 50 வயது தாண்டிய யாரும் கேட்கலாம். உங்கள் வீட்டிலும் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வருகிற செவ்வாய் நேரம் எடுத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பாளராக நானும் போகிறேன். கூரையைப் பற்றி மாமா இன்னும் தங்கச்சியிடம் கதைக்கவில்லை.