காக்கா பறக்கிற இடம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது, கல்யாண மண்டப வாசலில் நம் செருப்பைக் கண்டுபிடிப்பது மாதிரி. எல்லாம் ஒரே ஜாடை. நாங்கள் தப்பான குவார்ட்டர்ஸில் மணியடித்து, அந்த அம்மாள் கொடுத்த மோரையும் குடித்து, ‘பிரமாதம்’ என்று பாராட்டிய பிறகுதான் நண்பன் வீடு பின் தெரு என்று தெரிந்தது.

சென்னையிலிருந்து மூன்று பேர், ஒரு இரவல் கார். பண்ருட்டியில் ஏறிக்கொண்ட பலாப்பழம் நான்காவது ஆள். காலேஜ் சிநேகிதனைப் பார்ப்பது, மறுநாள் அவனையும் இழுத்துக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போவது. இதுதான் புரோகிராம்.

காலையில் கிளம்பினோம். வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை என்று கேட்டதுமே எங்கள் பேங்க்காரனுக்குப் பசி வந்துவிட்டது. அவன் ‘பொன்னியின் செல்வ’னை மூன்று தடவை படித்தவன். சேத்தியாத்தோப்பு தாண்டி வீராணம் ஏரிக்கரை வந்ததும், “வந்தியத்தேவன் குதிரையை நிறுத்தின இடம்டா!” என்று கத்தி பிரேக்கை அழுத்தினான். பின்னால் வந்த லாரிக்காரர் கல்கி படித்தவரில்லை போலும். அவர் சொன்னதை இங்கே அச்சிட முடியாது.

கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கங்கை வரை ஜெயித்ததற்கு அடையாளமாகக் கட்டிய தலைநகரம். சுமார் 250 வருஷம் சோழர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். இன்றைக்கு மிச்சம் ஒரு கோயில், ஒரு கிராமம், மாளிகைமேட்டில் தொல்லியல்காரர்கள் தோண்டியெடுத்த செங்கல் அஸ்திவாரம். ஆனால் அந்த விமானம்! தஞ்சாவூரைவிடக் கொஞ்சம் குட்டைதான். இருந்தாலும் நிமிர்ந்த கழுத்து இறங்க மறுக்கிறது. சண்டேசர் தலையில் சிவன் பூமாலை சுற்றிவிடுகிற சிற்பத்தின் முன்னால் பேங்க்காரன்கூட ஐந்து நிமிஷம் பேசவில்லை.

மதிலையும் கோபுரத்தையும் காணோமே என்று விசாரித்தோம். 1836-ல் வெள்ளைக்காரர்கள் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, இங்கிருந்துதான் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்களாம்.

“அக்கிரமம்! உள்ளே தள்ணும் அவனுங்களை!” என்று குதித்தான் பேங்க்காரன்.

நெய்வேலி நண்பன் சிரித்தான். “கீழணைத் தண்ணிதான்டா வடவாறு வழியா வீராணம் வருது. வீராணத்துலேர்ந்து மெட்ராஸுக்குப் பைப் போட்டு 2004-லேர்ந்து நீங்க குடிக்கிறீங்க. இந்தக் கோயிலை யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்ததும் அதே 2004-லதான்.”

பேங்க்காரன் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

சாயங்காலம் திரும்பியதும் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போனான். 1930-களில் ஒரு மிராசுதார் கிணறு தோண்ட, கறுப்பாக ஏதோ வந்ததில் ஆரம்பித்த கதை. 1956-ல் கம்பெனி வந்தது. விளிம்பில் நின்று பார்த்தால் அடிவயிறு கூசுகிறது. சக்கரம் முழுக்க வாளி கட்டின ராட்சச யந்திரம், தூரத்தில் பொம்மை மாதிரி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

“எங்க ஊரைப் பாக்கலாமா?” என்றான்.

“போலாமே. எவ்வளவு தூரம்?”

பள்ளத்துக்கு மேலே வெறும் ஆகாயத்தில் கை நீட்டினான். “அதோ ஒரு காக்கா பறக்குது பாரு, அங்கதான் தாத்தா வீட்டுத் திண்ணை. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்தா அய்யனார் கோயில்.”

யாரும் பேசவில்லை. காக்கா திண்ணையைத் தாண்டி, அய்யனாரையும் தாண்டிப் போய்விட்டது.

நிலம் போனதற்கு அவன் அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் இவன் எங்களோடு காலேஜ் படித்தான். “கோபம் வராதாடா?” என்று கேட்டேன்.

“யார் மேல? அப்பா கடைசி வரைக்கும் இந்தப் பக்கம் வந்தா செருப்பைக் கழட்டிடுவார். அவ்வளவுதான். ராஜேந்திரன் கோயிலுக்காவது யாரு கல்லை எடுத்தாங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க. அய்யனாருக்கு நான்தான் புஸ்தகம்.”

மறுநாள் ராத்திரி சென்னை வந்து சேர்ந்தேன். காரில் இன்னும் பலாப்பழ வாசனை. வீட்டுக்குள் ஒரே புழுக்கம். குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். ஃபேன் ஸ்விட்சில் கை வைத்தபோது அந்தக் காக்கா ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றேன்.

அப்புறம் போட்டுவிட்டேன். புழுக்கம் சார்.